மைசூரிலிருந்து குன்னூருக்கு: குடும்பத்தோடு எங்கே குடியேறுவது?

கேள்வி: என் கணவருக்கு மைசூரிலிருந்து குன்னூருக்கு வேலை மாற்றல் வந்துள்ளது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனும், முழங்கால் வலியுள்ள மாமியாரும் உடன் வருகிறார்கள். கோத்தகிரியில் வாடகை குறைவு என்கிறார்கள். சிலர் ஊட்டியே நல்லது என்கிறார்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகும் பகுதி எது?
– ஒரு வாசகி, மைசூர்

பதில்: வாடகையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால், அதில் மிச்சம் பிடித்த பணம் தண்ணீர் லாரிக்கும் ஆட்டோவுக்கும் போய்விடும். கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை. தினமும் போய்வர அது தோதுப்படாது. ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பது. குன்னூரைவிட ஏறத்தாழ 400 மீட்டர் அதிகம். முழங்கால் வலிக்கு அந்தக் குளிர் ஆகாது.

என் தேர்வு, குன்னூர்–ஊட்டி சாலையை ஒட்டிய வெலிங்டன், அருவங்காடு பகுதிதான். பேருந்து வசதி உண்டு; மலை ரயிலும் இரண்டு ஊர்களிலும் நிற்கிறது. ராணுவ மையமும் வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதால், வெளி மாநிலக் குடும்பங்கள் வந்து தங்குவது இங்கே பழகிப்போன சங்கதி. உங்களை யாரும் வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள். அரசு லாலி மருத்துவமனையும் குன்னூரிலேயே இருக்கிறது.

வீட்டை மட்டும் வெயில் காலத்தில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை வலுக்கும். 2009 நவம்பரில் குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்து, நீலகிரி மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்தது. எனவே வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உள்ளே போய், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தச் சொல்லி, அதன் பின்புறம் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை சில்லென்று ஈரப்பட்டால், எவ்வளவு புது வெள்ளை அடித்திருந்தாலும் அந்த வீடு வேண்டாம். சாலையிலிருந்து வாசல் வரை எத்தனை படி என்பதை உங்கள் மாமியாரையே நடக்கவிட்டு எண்ணுங்கள். சாலையிலிருந்து அறுபது படி இறங்கிப் போக வேண்டிய மலிவான வீட்டுக்கு எரிவாயு உருளையைச் சுமப்பதற்கும் தனிக்கூலி கேட்பார்கள். குழாயில் எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காமல், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும்.

பள்ளி விஷயத்தில், தமிழ்நாட்டின் 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். மகன் சமாளித்துவிடுவான்; வீட்டில் தமிழ் பேசியும் இதுவரை எழுதிப் பழகாதிருந்தால், மகளுக்குத்தான் கஷ்டம். இப்போதே எழுதப் பழக்குங்கள்; சேர்க்கைக்கு முன் பள்ளியில் இதைப் பேசிவிடுங்கள்.

கர்நாடகப் பதிவு வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடுமானால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதால், தடையின்மைச் சான்றை (NOC) மைசூரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். விடுமுறைக்கு மைசூர் போகும்போது குன்னூரிலிருந்து நேரத்தோடு கிளம்புங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள்.