ஒரு நாள் எடுக்கிறது, ஒரு நாள் எடுக்கவில்லை: குறை பேட்டரியில்தானா?

கேள்வி: என் சிறிய பெட்ரோல் காருக்கு ஆறு வயதாகிறது. இரண்டு மாதங்களாகச் சில காலைகளில் சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டிக்' ஓசை கேட்கிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி எடுக்கிறது. அப்படி நின்ற நாள்களில் டேஷ்போர்டு கடிகாரமும் நேரத்தை இழந்துவிடுகிறது. பேட்டரி மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. பணிமனையில் பேட்டரி, ஓட்டத்தில் அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் மாற்ற வேண்டாம். செத்துப்போன பேட்டரி ஐந்து நிமிட ஓய்வில் முழு வலுவோடு எழுந்து வருவதில்லை. சற்றுத் தேறினாலும் செல்ஃப் மோட்டார் திணறித் திணறித்தான் சுழலும். உங்கள் வண்டியோ ஒன்று முற்றிலும் மறுக்கிறது, அல்லது முழுமையாக எடுக்கிறது. அதோடு கடிகாரமும் நேரத்தை இழக்கிறது என்றால், அந்தக் கணத்தில் வண்டி முழுவதற்குமே மின்சாரம் ஏறத்தாழ நின்றுபோகிறது என்று பொருள். இப்படி விட்டுவிட்டு வரும் கோளாறில் நான் முதலில் சந்தேகப்படுவது இணைப்புகளை: பேட்டரியின் இரண்டு டெர்மினல்கள், மைனஸ் டெர்மினலிலிருந்து வரும் எர்த் ஒயர் வண்டியின் உடலோடு சேரும் இடம், அது எஞ்சினோடு சேரும் இடம்.

அடுத்த முறை வண்டி மறுக்கும்போது உடனே மறுபடி திருப்பாதீர்கள். முன்விளக்கைப் போட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். விளக்கு அடியோடு அணைந்தால் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. மெல்ல மங்கி, 'டிக் டிக் டிக்' என்று ஓசை தொடர்ந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. விளக்கு பிரகாசமாகவே இருந்து ஒரு 'டிக்' மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரையோ அதற்கு வரும் ஒயரையோ பார்க்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமல் ஒரு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமலேயே இரண்டு பொருள்களை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எட்டு மாதத்துக்கு முன் பேட்டரி மாற்றினீர்கள் என்பதால், டெர்மினலைப் பிடித்திருக்கும் ஒயர்க் கவ்விகளிலிருந்து தொடங்குங்கள். டெர்மினல்களாக நிற்கும் ஈயக் கம்பங்கள் எல்லாம் ஒரே தடிமனில் வருவதில்லை. சிறிய கார்களுக்கான சில பேட்டரிகளில் அவை மெல்லியவை, அதிலும் மைனஸ் கம்பம் பிளஸ் கம்பத்தைவிட மெல்லியது. கவ்வி தளர்ந்திருந்தால் அவசரக்காரர்கள் இடையில் ஒரு தகரத் துண்டையோ ஆணியையோ சொருகி அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சில மாதம் அது தாங்கும். பிறகு இடுக்கில் வெண்பச்சைப் பொடி பூத்து, குலுக்கலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்பத் தொட்டும் தொடாமலும் விளையாடும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கவ்வியைக் கையால் திருகிப் பாருங்கள். அது துளி அசைந்தாலும் போதும், காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. கழற்றும்போது மைனஸை முதலிலும், மாட்டும்போது அதையே கடைசியிலும் செய்யுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரால் பொடியைக் கழுவி, உலர்த்தி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு இறுக்குங்கள்.

அதன்பின்னும் கோளாறு வந்தால் எர்த் ஒயரைச் சோதியுங்கள். பலர் இங்கே மல்டிமீட்டரை மின்தடையைக் காட்டும் ஓம்ஸ் அளவில் வைத்துப் பார்த்து, "ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஏமாறுகிறார்கள். தடித்த ஒயரில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் அந்தச் சோதனையில் தேறிவிடும். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 100 ஆம்பியர் அளவிலான மின்சாரம், 0.01 ஓம் தடை ஒன்றே அங்கு 1 வோல்ட்டை விழுங்கிவிடும், சாதாரண மீட்டரோ அவ்வளவு சிறிய தடையைக் காட்டாது. ஆகவே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை மைனஸ் கம்பத்தின் ஈயத்திலும் மறுமுனையை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 1 வோல்ட்டை நெருங்கினால் எர்த் இணைப்பில்தான் குறை. இரண்டு பேட்டரிகளைப் பறிகொடுத்த ஒரு காரில், எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் பூசப்பட்டிருந்ததே காரணம் என்று நான் நேரில் கண்டிருக்கிறேன். சுரண்டி இறுக்கியதும் அந்த வண்டி சரியாகிவிட்டது.

பேட்டரியோ ஆல்டர்னேட்டரோ கெட்டுவிட்டதா என்பதை அறிய மூன்று அளவுகள் போதும். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே சோதித்து, "கெட்டுவிட்டது" என்று காட்டி விற்பது நெடுநாள் வழக்கம். முழு சார்ஜ் ஏற்றிய பின் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு மறுப்பவரிடம் பேட்டரி வாங்காதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் நீங்கள் அவசியம் அறிய வேண்டும். சிக்னலில் தானாக அணைந்து தானாக எடுக்கும் வகைக் காரிலும், அந்த வசதி இல்லாத சில புதிய கார்களிலும் ஆல்டர்னேட்டரைக் கணினி கட்டுப்படுத்துகிறது. பேட்டரி போதுமான அளவு நிறைந்திருந்தால், எரிபொருளை மிச்சப்படுத்த அது சார்ஜைக் குறைத்துவிடும். அப்போது எஞ்சின் ஓடும்போதே 12.7 வோல்ட்தான் காட்டும். அதைக் கோளாறு என்று எண்ணி நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றுகிறார்கள். முன்விளக்கையும் காருக்குள் காற்று வீசும் ஊதியையும் போட்டு, சற்று நேரம் காத்திருந்து மறுபடி அளந்தால் வோல்ட் ஏறக் காண்பீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் ஏறும். இவ்வகை வண்டியில் மைனஸ் கவ்வியோடு ஒரு சிறு உணரி இணைந்திருக்கும் என்பதால், வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றும்போது மைனஸ் கிளிப்பைக் கம்பத்தில் மாட்டாமல் வண்டியின் உடலில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் ஏறிய சார்ஜ் கணினியின் கணக்கில் வராது. பேட்டரியும் அந்த வண்டிக்குக் குறிப்பிட்ட வகையாகவே இருக்க வேண்டும். சாதாரண பேட்டரியைப் பொருத்திவிட்டால், அடிக்கடி அணைத்து எடுக்கும் உழைப்பைத் தாங்காமல் அது சீக்கிரமே ஓய்ந்துவிடும். சில வண்டிகளில் புதிய பேட்டரி மாட்டியதைக் கணினிக்கும் பதிவுசெய்து தர வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் இதையெல்லாம் கவனித்தார்களா என்று கேளுங்கள்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றி, "அணையவில்லை, ஆல்டர்னேட்டர் நல்லது" என்று காட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். கழற்றும் கணத்தில் எழும் உயர் வோல்ட் வண்டியின் கணினியையே பழுதாக்கக் கூடும். வண்டியின் கணினிகளில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் காட்டும் பட்டியலைக் கண்டும் மிரளாதீர்கள். மின்சாரம் ஒரு கணம் தளர்ந்தால் பல கணினிப் பெட்டிகளும் ஆளுக்கொரு பிழையைப் பதிவுசெய்துவிடும். இணைப்பைச் சரிசெய்து, பிழைகளை அழித்துவிட்டு, எது திரும்பி வருகிறது என்று பார்த்த பிறகே பெட்டியை மாற்றும் பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டும். பணிமனை ரசீதில் மாற்றிய பொருளுக்கு ஒரு வரி இருக்கிறது, காரணத்தைத் தேடிய உழைப்புக்குப் பெரும்பாலும் இல்லை. தேடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில், நல்ல தொழிலாளியும் மாற்றுவதையே தேர்ந்தெடுக்க நேர்கிறது. இந்த ஏற்பாடு மாறாதவரை நல்ல பேட்டரிகள் குப்பைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இணைப்புகள் எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு மூன்று நாள் நின்றால் சார்ஜ் இறங்குகிறது என்றால் மட்டும், மின்கசிவைத் தேட வேண்டும். மைனஸ் ஒயரைக் கழற்றி, அதற்கும் மைனஸ் கம்பத்துக்கும் இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்க அரை மணி நேரம் விடுங்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது எஞ்சினை எடுக்கக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. 1 ஆம்பியர் ஓடினால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டே நாளில் காலியாகும். பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் கசிவு. பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டம், அலாரம், கேமரா ஆகியவற்றையும் அணையாத டிக்கி விளக்கையும் முதலில் பாருங்கள். எந்தப் பியூஸுக்கும் அளவு அசையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றி அளக்கச் சொல்லுங்கள்; அதனுள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கசிந்தாலும் பேட்டரி இறங்கும். அப்படித் தெரியவந்தால் ஆல்டர்னேட்டரைத் தயங்காமல் பழுதுபார்க்கக் கொடுங்கள்.