ஒரே ஒரு எம்.பி. தொகுதி உள்ள அமெரிக்க மாநிலத்தில் அது காலியானால் ஏன் அவ்வளவு போட்டி?

வெர்மான்ட்டையே பாருங்கள். மக்கள்தொகை சுமார் 6.4 லட்சம். பிரதிநிதிகள் சபையில் ஒரே ஓர் இடம். மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. உட்கார்ந்திருப்பவரை அசைப்பது கஷ்டம். 2006-இல் ஜெயித்த பீட்டர் வெல்ச், 2022-இல் மேலவையான செனட்டுக்குப் போட்டியிடும்வரை அங்கேயே இருந்தார். அதுவும் பேட்ரிக் லேஹி 1975 முதல் வைத்திருந்த செனட் இடத்தை விட்டதால்தான்! மேலே ஒருவர் நகர்ந்தால்தான் கீழே கதவு திறக்கும்.

ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான மாநிலம் என்பதால், உண்மையான சண்டை அந்த ஆண்டு ஆகஸ்டில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த உட்கட்சித் தேர்தலில்தான். அங்கே வாக்காளர் எந்தக் கட்சியிலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. எல்லாப் பெரிய கட்சிகளின் வாக்குச்சீட்டும் கைக்கு வரும். ஒன்றில் மட்டும் குறித்துவிட்டு, மற்றதை அப்படியே திருப்பித் தர வேண்டும். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது.

சரி, யார் ஜெயித்தார்? அப்போதைய துணை ஆளுநர் மாலி கிரேயைத் தோற்கடித்த பெக்கா பேலின்ட், நவம்பரிலும் எளிதாக வென்றார். அதுவரை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஒரு பெண்ணைக்கூட அனுப்பாத ஒரே மாநிலம் வெர்மான்ட்தான்.