ஆஸ்ட்ரோ இருக்கிற வீட்டுக்கு ஆன்டெனா எதற்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் ஆஸ்ட்ரோ துணைக்கோள் டிவி இருக்கிறது. பெருமழை பிடித்தால் படம் போய்விடும். டிவி2 தமிழ்ச் செய்தி நேரத்தில் அப்படி ஆனால் அம்மாவுக்குப் பொறுக்காது. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், “இங்கே துணைக்கோள் டிவி பெட்டியில் செருகுகிற மாதிரி, சேனல்களைப் பிடித்துத் தரும் ஒரு சின்ன ட்யூனர் விற்கிறார்கள், ஆன்டெனா சேனல்களும் அதே பட்டியலில் வந்துவிடும், வாங்கி அனுப்பவா?” என்கிறார். சரி என்று சொல்லலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அண்ணன் சொல்வது அங்கே உண்மைதான். டிஷ் நெட்வொர்க் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெட்டிக்கென்றே அப்படி ஒரு ட்யூனரை விற்கின்றன. ஆனால் அது ஏடிஎஸ்சி என்ற அமெரிக்க முறை ஒளிபரப்பை வாங்கும். நம் மலேசியாவில் இருப்பது டிவிபி-டி2 என்ற வேறு முறை. ஒன்றுக்காகச் செய்தது இன்னொன்றை எடுக்காது. அதோடு, அந்த ட்யூனரை அடையாளம் கண்டுகொள்ளும் மென்பொருள் அந்த நிறுவனத்தின் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஆஸ்ட்ரோ பெட்டியில் செருகி ஒரு பயனும் இல்லை.

நீங்கள் தேடும் ட்யூனர் அநேகமாக உங்கள் டிவிக்குள்ளேயே இருக்கும். 2019 அக்டோபரோடு நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்கு மாறினோம். அதற்கு அப்புறம் இங்கே கடைகளில் வாங்கிய டிவி என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. கையேட்டில் டிவிபி-டி2 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடைசியில் அந்த ‘2’ இல்லாவிட்டால் உதவாது.

மழைக்கு இது ஏன் தீர்வாகிறது என்று சொல்கிறேன். ஆஸ்ட்ரோ சிக்னல் கிழக்கே 91.5 பாகையில் நிற்கும் மியாசாட் துணைக்கோள்களிலிருந்து வருகிறது. அது வரும் கேயூ என்ற அலைவரிசையில் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மைஃப்ரீவியூ 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள யுஎச்எஃப் அலையில் வருகிறது. அதன் நீளம் ஏறத்தாழ அரை மீட்டர். மழை அதை அவ்வளவாகப் பாதிக்காது. டிஷ் கைவிடும் நேரத்தில் ஆன்டெனா படம் காட்டிக்கொண்டிருக்கும்.

செலவு ஆன்டெனாவுக்கு மட்டும்தான், மாதக் கட்டணம் கிடையாது. உங்கள் பக்கத்துக்கு குனோங் ஜெராய் மலையிலிருந்து சிக்னல் வருகிறது. வடக்கே பார்த்த ஜன்னல் இருந்தால், முதலில் சாதாரண உள் ஆன்டெனா ஒன்றை அங்கே வைத்துப் பாருங்கள். இணையக் கடைகளில் “300 மைல் தூரம் எடுக்கும்” என்று போட்டு விற்பதை நம்பவே நம்பாதீர்கள். பூமி வளைந்திருக்கிறது, அத்தனை தூரத்துக்கு எந்த ஆன்டெனாவும் ஒழுங்காகப் படம் தராது. கூரையில் பழைய ஏரியல் இருந்தால் அதன் கம்பிகளைக் கவனியுங்கள். ஓர் அடிக்கு உட்பட்ட குட்டைக் கம்பிகள் வரிசையாக இருந்தால் அது யுஎச்எஃப், அதையே பயன்படுத்தலாம். ஆள் கை நீட்டும் அளவுக்கு நீளக் கம்பிகள் மட்டும் இருந்தால் அது அந்தக் காலத்து விஎச்எஃப். கழற்றிவிடலாம்.

ஆன்டெனா ஒயரை டிவியின் பின்னால் உள்ள ஆன்டெனா துளையில் செருகி, மெனுவில் நாடு மலேசியா என்று வைத்து, கேபிள், துணைக்கோள் இரண்டையும் விட்டுவிட்டு ‘ஆன்டெனா’வைத் தேர்ந்தெடுத்துத் தேடவிடுங்கள். ஆஸ்ட்ரோ எப்போதும்போல எச்டிஎம்ஐ வழியே வந்துகொண்டிருக்கும். மழை வந்தால் டிவி ரிமோட்டில் சோர்ஸ் பொத்தானை அழுத்தி மாற்ற வேண்டியதுதான். அம்மாவுக்கு அந்தப் பொத்தானில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுங்கள்.

டிவி1, டிவி2, டிவி3, பெர்னாமா எல்லாம் வரும், வானொலியில் மின்னல் எஃப்எம்மும் வரும். வானவில்லும் விண்மீனும் வராது. அவை ஆஸ்ட்ரோவின் சொந்தச் சேனல்கள். அதனால் ஆஸ்ட்ரோவை வெட்டிவிட்டு ஆன்டெனா ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால், வீட்டில் தொடர் பார்ப்பவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு ஒரே ஒயர்தான் வருகிறது, அதில் ஆஸ்ட்ரோ ஓடுகிறது. ஆன்டெனாவையும் அதிலேயே சேர்க்க ஐந்து வெள்ளி ஸ்ப்ளிட்டர் போதும் என்கிறார் கடைக்காரர். சரியா?
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தவறு. அந்த ஒயர் வழியாக ஆஸ்ட்ரோ பெட்டி டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. சாதாரண ஸ்ப்ளிட்டர் வழியே அது ஆன்டெனாவுக்கும் போகலாம். பல ஆன்டெனாக்களின் உள்ளமைப்பு நேர்மின்சாரத்துக்கு ஷார்ட் சர்க்யூட் போலத்தான். ஆஸ்ட்ரோ நின்றுவிடும், பெட்டிக்கும் கேடு.

டிப்ளெக்சர் என்று கேளுங்கள். ஒரு துளை துணைக்கோளுக்கு, இன்னொன்று டிவி ஆன்டெனாவுக்கு என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். வழக்கமான எல்என்பியிலிருந்து இறங்கும் சிக்னல் 950 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, ஆன்டெனா சிக்னல் 694-க்குக் கீழே. இரண்டும் மோதாமல் ஒரே ஒயரில் வரும். இரண்டு டிப்ளெக்சர் வாங்க வேண்டும்: மேலே சேர்க்க ஒன்று, ஹாலில் பிரிக்க ஒன்று. துணைக்கோள் துளை மின்சாரத்தைக் கடத்துகிற வகைதானா என்று உறுதி செய்யுங்கள், இல்லாவிட்டால் டிஷ் வேலை செய்யாது. ஒயர் பழைய மெல்லிய வகையாக இருந்தால் இந்தச் சாக்கில் ஆர்ஜி6 என்ற தடித்த ஒயராக மாற்றிவிடுங்கள்.

கொண்டோவில் இருந்தால் ஒயரைத் தொடும் முன் சுவரில் உள்ள சாக்கெட்டைப் பாருங்கள். ஆஸ்ட்ரோவுக்கு ஒன்றும் டிவிக்கு ஒன்றுமாக இரண்டு துளை இருந்தால் கட்டடத்துக்கே பொது ஆன்டெனா இருக்கலாம். நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும்.

கேள்வி: பாட்டியின் அறையில் பழைய பெட்டி டிவி. இதற்கும் ஆன்டெனா வைக்கலாமா?
– வாசகி, பிறை

பதில்: வைக்கலாம், நடுவில் டிஜிட்டல் சிக்னலைப் பழைய டிவிக்கு மாற்றித் தரும் மைஃப்ரீவியூ டிகோடர் பெட்டி ஒன்று வேண்டும். பழைய டிவியில் எச்டிஎம்ஐ இருக்காது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் செருகும் துளைகள் உள்ள டிகோடரா என்று பார்த்து வாங்குங்கள்.