கறுப்பின அமைப்புகளுக்கு யார் தலைமை தாங்குவது? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: தோழர், அமெரிக்கக் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்ஏஏசிபி அமைப்பின் முதல் தலைவரே வெள்ளைக்காரர் என்கிறார்களே, நிஜமா?

ப: நிஜம்தான். 1909-ல் தொடங்கிய அந்த அமைப்பின் முதல் தலைவர் பாஸ்டன் வழக்கறிஞர் மூர்ஃபீல்ட் ஸ்டோரி. தலைவர் பதவி 1975 வரை வெள்ளையர்களிடமே இருந்தது. ஆனால் அன்றாடம் அமைப்பை நடத்துகிற செயலாளர் பொறுப்புக்கு 1920-லேயே ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் வந்துவிட்டார்.

கே: வேலை நடந்தால் போதாதா? யார் தலைவர் என்பதில் என்ன இருக்கிறது?

ப: நிறைய இருக்கிறது. வெள்ளையர் தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது என்ற லூயிவில் நகரச் சட்டத்தை 1917-ல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி உடைத்தவர் இதே ஸ்டோரி, அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் வாதாடுவது வேறு, எந்த வழக்கை எடுப்பது, எங்கே சமரசம் செய்வது என்று முடிவெடுப்பது வேறு. முடிவு தப்பாகப் போனால் அடி வாங்கப் போகிறவர் யாரோ, அவர் கையில்தான் அது இருக்க வேண்டும்.

கே: அப்படியானால் கறுப்பர் உரிமைக்காகப் போராடிய மாணவர் அமைப்பான எஸ்என்சிசி, தன்னிடமிருந்த வெள்ளையர்களை வெளியேற்றியது சரியா?

ப: 1966 டிசம்பரில் அதற்கு ஆதரவாக 19 பேர், எதிராக 18 பேர், வாக்களிக்காதவர்கள் 24 பேர். அவர்களுக்கே மனசு ஒப்பவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. படித்த வெள்ளை மாணவர்கள் வந்ததும் உள்ளூர்க்காரர்கள் பின்வாங்கி நின்றது உண்மைதான், அதனால் தலைமையைக் கையில் எடுத்தது சரி. கூடவே சிறைக்குப் போனவர்களை வெளியே அனுப்பியிருக்க வேண்டாம்.

கே: கறுப்பர் என்று சொல்லிக்கொண்டு என்ஏஏசிபி கிளைத் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் ரேச்சல் டோலேசல் விஷயம்?

ப: என்ஏஏசிபி கிளைக்குத் தலைவராக நிறம் ஒரு தகுதியே இல்லை. வெள்ளைக்காரராகவே நின்றிருக்கலாம். கறுப்பர் என்று நம்ப வைத்ததுதான் தவறு, 2015-ல் விலக வேண்டியும் வந்தது.

கே: சரி, கறுப்பராக இருந்தால் மட்டும் போதுமா?

ப: போதாது. கறுப்பர் உரிமைக்காக நடந்த 1963 வாஷிங்டன் பேரணியில் ஒரு பெண்ணுக்குக்கூட முக்கிய உரை தரவில்லையே! அப்புறம், 1964-ல், மிசிசிப்பியின் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜனநாயகக் கட்சிக் குழுவுக்கு எதிராக உருவான மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி தேசிய மாநாட்டுக்குப் போனபோது, அவர்கள் மொத்தப் பேருக்கும் சேர்த்து இரண்டே இடம் தருவதாகக் கட்சித் தலைமை சொன்னது. ராய் வில்கின்ஸ், பேயார்ட் ரஸ்டின் போன்ற பெரிய கறுப்பினத் தலைவர்களே அதை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் அந்தக் குழுவில் இருந்தவரும், வாக்காளராகப் பதியப் போனதற்காக வேலை பார்த்த தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு, வினோனா சிறையில் அடி வாங்கியவருமான ஃபானி லூ ஹேமர் முடியாது என்றார். குழுவும் அவர் பக்கம்தான் நின்றது.