சிகரெட்டை விட்ட தம்பி ஏன் தூங்கி வழிகிறான்?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய்க்குப் பல வருடமாக குளோசபைன் மாத்திரை சாப்பிடுகிறான். தினமும் இரண்டு பாக்கெட் சிகரெட் பிடித்தவன், துபாயிலிருந்து வந்த உறவினர் கொடுத்த இ-சிகரெட்டுக்குப் போன மாதம் முழுசாக மாறினான். இப்போது பகலெல்லாம் தூக்கம். எச்சில் வடிந்து தலையணை நனைகிறது. "பழையபடி சிகரெட்டே பிடிக்கட்டும், மனசாவது நிம்மதியாக இருக்கும்" என்கிறார் அம்மா. என்ன செய்வது, டாக்டர்?
- வாசகி, நாமக்கல்

பதில்: இன்றைக்கே தம்பியின் மனநல மருத்துவருக்கு போன் செய்யுங்கள், சகோதரி. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும்.

சிகரெட் புகையிலுள்ள தார், கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகிறது. குளோசபைனைச் சிதைப்பது அந்த நொதிதான். அதனால்தான் நிறையப் புகைப்பவர்களுக்குக் கூடுதல் டோஸ் தேவைப்படுகிறது. புகை நின்றதும் ஒரு வாரத்துக்குள் நொதி அடங்கிவிடும்; அதே மாத்திரை ரத்தத்தில் தேங்கும். இ-சிகரெட்டில் நிகோடின் உண்டு, எரிந்து வரும் புகை கிடையாது. ஆகவே மருந்தைப் பொறுத்தவரை உங்கள் தம்பி சிகரெட்டை விட்டவர்தான். டாக்டரிடம் இதைச் சொன்னால், பரிசோதித்து டோஸைக் குறைப்பார். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் தம்பியிடம் கேளுங்கள், பலர் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள். வயிறு உப்பினாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம்" என்று குடும்பத்தாரே சிகரெட் வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. மனச்சிதைவு உள்ளவர்களை அல்பாயுசில் கொண்டுபோவதில் இதயநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் பெரும் பங்கு உண்டு. அம்மா சொல்லும் நிம்மதி எது? ரத்தத்தில் நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அப்போது வரும் தவிப்பைத்தான் அடுத்த சிகரெட் அடக்குகிறது. சிகரெட்டை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்ததாகவே 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. மனநோய் உள்ளவர்களுக்கும் அப்படித்தான்.

எனக்குக் கவலை இ-சிகரெட் தீரும் நாளைப் பற்றி. இங்கே 2019 சட்டப்படி அதன் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை. கிடைக்காமல் போய் தம்பி மறுபடி சிகரெட்டைத் தொட்டால், குறைத்த டோஸ் போதாமல் காதில் குரல்கள் திரும்பலாம். டாக்டரைக் கேட்டு இப்போதே நிகோடின் சூயிங்கத்துக்கு மாற்றுங்கள். அது குளோசபைனைப் பாதிக்காது. சுள்ளென்று காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். காரம் போனதும் மறுபடி மெல்லலாம். புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண்: 1800-11-2356.