எந்தப் போனுக்கு எந்த கேபிள்? – வாசகர் கேள்வி பதில்

சார்ஜிங் கேபிள் குறித்து அண்மையில் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். முனை சரியாகப் பொருந்துகிறது, ஆனாலும் எதிர்பார்த்தபடி சார்ஜ் ஏறவில்லை என்பதே பெரும்பாலான கடிதங்களின் சாரம்.

கேள்வி: என் போனுடன் 65 வாட் சார்ஜரும், இரு பக்கமும் டைப்-சி முனை உள்ள கேபிளும் வந்தன. பயணத்தில் கேபிள் தொலைந்துவிட்டது. கடையில் கேட்டபோது, "65 என்ன, இது 100 வாட் தாங்கும்" என்று சொல்லி ஒரு கேபிளைக் கொடுத்தார்கள். முன்பு முக்கால் மணி நேரத்துக்குள் நிறைந்த பேட்டரி, இப்போது அதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், ஈரோடு

பதில்: கேபிள் உண்மையிலேயே 100 வாட் கேபிளாக இருக்கக்கூடும். அப்படியிருந்தும் உங்கள் போனுக்கு அது பொருந்தாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண். பொதுத் தரத்தின்படி செய்யப்பட்ட 100 வாட் கேபிள், 20 வோல்ட்டில் 5 ஆம்பியர் கொண்டுசெல்லும். ஆனால் ஒப்போ, ஒன்பிளஸ் நிறுவனங்களின் சூப்பர்வூக் வகை 65 வாட் சார்ஜரோ 10 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் அனுப்புகிறது. வோல்ட்டைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டினால், மின்சாரத்தை மாற்றும் வேலையின் பெரும்பகுதி சார்ஜரிலேயே முடிந்துவிடும், போன் அதிகம் சூடாகாது என்பது அந்த முறையின் அடிப்படை. டைப்-சி பொதுத் தரம் அனுமதிக்கும் உச்ச மின்னோட்டம் 5 ஆம்பியர் மட்டுமே. எனவே 6.5 ஆம்பியர் தேவைப்படும் இடத்தில், மேலே 100 என்று எழுதியிருந்தாலும் பொதுக் கேபிளால் பயன் இல்லை. சார்ஜரும் போனும் கேபிளை விசாரித்துப் பார்த்து, அது தங்கள் வகையைச் சேர்ந்ததில்லை என்று தெரிந்ததும், பாதுகாப்புக்காகக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன. உங்கள் போனில் இப்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

ஆகவே இத்தகைய போன் வைத்திருப்பவர்கள் கடையில் வாட் கேட்பதை விட ஆம்பியர் கேட்பதே சரி. சார்ஜரின் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் "அவுட்புட்" என்ற வரியைத் தொடர்ந்து, எத்தனை வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். அதைப் படம் பிடித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். ஆம்பியர் 5-ஐத் தாண்டியிருந்தால், போன் நிறுவனத்தின் சொந்த கேபிளையோ, அந்த நிறுவனத்தின் வேக சார்ஜிங் முறையின் பெயரைக் குறிப்பிட்டு விற்கப்படும் கேபிளையோ வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. விலை சற்றுக் கூடுதல்தான். ஆனால் வேக சார்ஜிங்குக்காகவே அந்தப் போனை வாங்கியவர், கேபிளில் மிச்சம் பிடிப்பதால் அந்த வசதியையே இழந்துவிடுகிறார். நீங்கள் வாங்கிய கேபிளைத் தூக்கி எறிய வேண்டாம். மடிக்கணினிக்கோ மற்ற நிறுவனப் போன்களுக்கோ அது நன்றாகவே பயன்படும்.

கேள்வி: எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் கட்டிலிலிருந்து தள்ளி இருப்பதால் இரண்டு மீட்டர் கேபிள் வாங்கினேன். பார்ப்பதற்குக் கயிறு போலத் தடிமனாக, துணி உறையுடன் உறுதியாக இருக்கிறது. ஆனால் பழைய ஒரு மீட்டர் கேபிளில் ஏறும் வேகம் இதில் இல்லை. நீளத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டா?
– வாசகி, தேனி

பதில்: நிச்சயமாக உண்டு. கேபிளின் வெளி உறையைப் பார்த்து உள்ளே இருக்கும் செம்பின் தடிமனை அறிய முடியாது என்பதே இதில் முக்கியமானது. உறை ரப்பராலோ நைலான் பின்னலாலோ எவ்வளவு பருமனாக இருந்தாலும், மின்சாரத்தைக் கொண்டுசெல்பவை உள்ளே ஓடும் மெல்லிய செம்பு ஒயர்களே. அவற்றின் தடிமனைக் கேஜ் எண்ணால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய ஒயர் தடிமனாகும். 20 கேஜ் ஒயர் தடிமனானது. 28 கேஜ் மிக மெல்லியது.

ஒரு மீட்டர் நீளமுள்ள 28 கேஜ் செம்பு ஒயருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் மின்தடை இருக்கும். மின்சாரம் சார்ஜரிலிருந்து போனுக்குச் சென்று திரும்பவும் வர வேண்டும் என்பதால், இரண்டு மீட்டர் கேபிளில் அது கடக்கும் ஒயரின் நீளம் நான்கு மீட்டர். மொத்த மின்தடை ஏறத்தாழ 0.85 ஓம். சாதாரண 5 வோல்ட் சார்ஜரிலிருந்து 2 ஆம்பியர் எடுக்க முயன்றால், வழியிலேயே 1.7 வோல்ட் கரைந்துவிடும். போனின் வாயிலில் 3.3 வோல்ட்தான் மிஞ்சும். அவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பேட்டரியை நிரப்ப இயலாது என்பதால், போன் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. நீங்கள் காணும் தாமதம் அதுவே. அதே இரண்டு மீட்டர் கேபிளில் 20 கேஜ் ஒயர் இருந்தால் இழப்பு 0.27 வோல்ட் அளவில் நின்றுவிடும், போன் அதைப் பொருட்படுத்தாது. மலிவான கேபிள்களில் செம்புக்குப் பதிலாக, மேலே செம்பு பூசிய அலுமினியக் கம்பியைப் போடுவதும் உண்டு. அதில் இழப்பு இன்னும் அதிகம்.

பெட்டியின் மேல் "28/24" என்பது போல இரண்டு எண்கள் இருந்தால், முதல் எண் தகவல் செல்லும் ஒயர்களையும் இரண்டாவது எண் மின்சாரம் செல்லும் ஒயர்களையும் குறிக்கும். இரண்டு மீட்டர் கேபிள் வாங்குவதாக இருந்தால், இரண்டாவது எண் 22 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். எண்ணே அச்சிடாத நீளக் கேபிளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் சூழ்நிலையில் அதைவிட நல்ல வழி, தரமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கட்டில் அருகே கொண்டுவந்து, ஒரு மீட்டர் கேபிளையே பயன்படுத்துவது. 230 வோல்ட்டில் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் அங்கே இழப்பு ஏறக்குறைய இல்லை.

எந்த கேபிள் மந்தம் என்பதில் ஐயம் இருந்தால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே சார்ஜர், ஒரே போன், பேட்டரி 20 சதவீதம் அளவில் இருக்கும்போது, போனைப் பயன்படுத்தாமல் 15 நிமிடம் ஒரு கேபிளில் போட்டு எத்தனை சதவீதம் ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நிலையிலிருந்து அடுத்த கேபிளைச் சோதியுங்கள். 80 சதவீதத்துக்கு மேல் எல்லாப் போன்களும் வேகத்தைக் குறைத்துவிடும். அந்தக் கட்டத்தில் ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

கேள்வி: வீட்டில் ஒரு சாம்சங், ஓர் ஐபோன் 15, ஒரு பவர் பேங்க் இருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவாக ஒரே கேபிள் வாங்கினால் போதுமா? அதிலேயே வீடியோக்களைக் கணினிக்கு மாற்ற முடியுமா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: போதும். 2012 முதல் லைட்னிங் முனையையே பயன்படுத்திவந்த ஆப்பிள், 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வரிசையிலிருந்து டைப்-சிக்கு மாறியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய போன்களில் டைப்-சி கட்டாயம் என்ற சட்டமும் 2024 டிசம்பர் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனவே இப்போது வாங்கும் நல்ல கேபிள் நெடுங்காலம் உடன் வரும்.

இரு பக்கமும் டைப்-சி உள்ள, 5 ஆம்பியர் கேபிளாகக் கேளுங்கள். சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும்; உங்கள் ஐபோனுக்கு அதுவே தாராளம். சாம்சங்கின் 25 வாட் வேகத்துக்கும் அது போதும். ஆனால் போன் 45 வாட் ஏற்கும் மாடலாக இருந்தால், அந்த வேகம் 5 ஆம்பியர் கேபிளில்தான் கிடைக்கும். அத்தகைய கேபிளின் முனைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கிறது. "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று அதுதான் சார்ஜருக்குத் தெரிவிக்கிறது. அது இல்லாவிட்டால், தரத்தைப் பின்பற்றும் சார்ஜர் 3 ஆம்பியருக்கு மேல் அனுப்பாது. 2021-இல் வந்த புதிய தரத்துக்குப் பிறகு 5 ஆம்பியர் கேபிள்களில் 240 வாட் என்று அச்சிடுகிறார்கள். போனுக்கு அவ்வளவு தேவையே இல்லை. அந்த எண்ணை 5 ஆம்பியருக்கான அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ மாற்றுவது தனி விஷயம். சார்ஜிங்குக்காக விற்கப்படும் பெரும்பாலான கேபிள்கள், எவ்வளவு வாட் தாங்கினாலும், தகவலை நொடிக்கு 480 மெகாபிட் வேகத்தில்தான் கடத்தும். ஐபோன் 15-இன் உச்ச வேகமும் அதுவே என்பதால், அதற்கு விலை உயர்ந்த டேட்டா கேபிள் வாங்குவது வீண். 15 புரோ மாடல்கள் நொடிக்கு 10 ஜிகாபிட் வரை செல்லக்கூடியவை. அதற்கு அந்த வேகம் குறிப்பிட்ட கேபிளைத் தனியாக வாங்க வேண்டும், பெட்டியில் வருவது போதாது.

கேள்வி: என் தந்தை 10 வாட் சார்ஜருடன் வந்த பழைய டைப்-சி போனைப் பயன்படுத்துகிறார். என்னுடைய 100 வாட் கேபிளில் போட்டால் பேட்டரி வெடித்துவிடும் என்று அண்டை வீட்டார் சொன்னதால் தொடவே அஞ்சுகிறார். அது உண்மையா?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைப் போனே தீர்மானிக்கிறது. கேபிளில் எழுதியிருக்கும் எண், அது தாங்கக்கூடிய எல்லை மட்டுமே. அது மின்சாரத்தைப் போனுக்குள் திணிக்காது. அப்பாவைத் தயங்காமல் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அஞ்ச வேண்டியது தரம் குறைந்த கேபிளுக்கு. ஒரு பக்கம் பழைய அகலமான யு.எஸ்.பி. முனையும் மறுபக்கம் டைப்-சியும் உள்ள கேபிளில் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. பழைய வகை சார்ஜரிலிருந்து அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கக்கூடாது என்று அது போனுக்கு உணர்த்துகிறது. டைப்-சி புதிதாக வந்த காலத்தில், அதற்குப் பதில் 10 கிலோ ஓம் மின்தடையைப் பொருத்தி ஏராளமான கேபிள்கள் விற்கப்பட்டன. அதைக் கண்ட போன், 3 ஆம்பியர் தரக்கூடிய இடம் என்று எண்ணி இழுக்க, எதிர்ப்பக்கம் இருந்த சார்ஜரோ கணினியோ பழுதாகும் அபாயம் எழுந்தது. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 இறுதியிலிருந்து அமேசானில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, முடிவுகளை வெளிப்படையாக எழுதினார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளுக்குள் ஒயர்கள் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்ததால், சோதனைக்குப் பயன்படுத்திய அவருடைய மடிக்கணினியே பழுதானது. அதன் பின்னர் தரத்துக்கு ஒவ்வாத டைப்-சி கேபிள்களை அமேசான் தடை செய்தது. ஒரு பொறியாளரின் பொறுமை நம் எல்லோருக்கும் செய்த பெரிய உதவி அது. இன்றும் நடைபாதையில் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாத கேபிளுக்குள் எந்த மின்தடை இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

புது கேபிள் எதுவானாலும் பத்து நிமிடம் சார்ஜ் ஏறிய பின் இரு முனைகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. பிடிக்க முடியாத சூடு இருந்தால் அந்தக் கேபிளை அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: என் டிரிம்மரில் டைப்-சி துளை இருக்கிறது. உடன் வந்த கேபிளில் சார்ஜ் ஏறுகிறது. போனின் விலை உயர்ந்த சி-டு-சி கேபிளில் சிறிதும் ஏறவில்லை. கேபிள் பழுதா?
– வாசகர், காரைக்கால்

பதில்: கேபிளில் குறையில்லை, குறை டிரிம்மரில் இருக்கிறது. டைப்-சி சார்ஜர் எதிர்ப்பக்கத்தில் 5.1 கிலோ ஓம் மின்தடை இருப்பதை உணர்ந்த பிறகே மின்சாரத்தைத் திறந்துவிடும். சில நிறுவனங்கள் டிரிம்மர், விளக்கு, சிறிய மின்விசிறி போன்றவற்றில் அந்த மின்தடையைக்கூட வைக்காமல் மிச்சம் பிடிக்கின்றன. பழைய அகலமான முனைச் சார்ஜர் யாரையும் விசாரிக்காமல் எப்போதும் 5 வோல்ட் கொடுப்பதால் அதில் மட்டும் வேலை நடக்கிறது. உடன் வந்த கேபிளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த கேபிளைச் செருகினாலும் தளர்வாக இருக்கிறது, சற்று அசைந்தால் சார்ஜ் நின்றுவிடுகிறது. பழுது பார்க்கும் கடையில் சார்ஜிங் பின்னையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: மாற்றுவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். போனைச் சட்டைப் பையிலும் கைப்பையிலும் வைப்பதால் துணிப் பஞ்சும் தூசியும் துளைக்குள் சேர்கின்றன. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அது உள்ளே அழுத்தப்பட்டு, கெட்டியான படலமாகிவிடுகிறது. முனை முழுவதும் உள்ளே செல்லாமல் சற்று வெளியே துருத்தி நிற்பது இதற்கு அடையாளம். போனை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், மரத்தாலான பல் குத்தும் குச்சியால் துளையின் சுவரோரமாக மெதுவாகச் சுரண்டி எடுங்கள். டைப்-சி துளையின் நடுவில் மெல்லிய நாக்கு போன்ற ஒரு பகுதி இருக்கும். அதன் மேல் குச்சியை அழுத்தக் கூடாது. ஊசி, ஹேர்பின் போன்ற உலோகப் பொருள்கள் வேண்டவே வேண்டாம். வாயால் ஊதினால் ஈரம் புகும். சுத்தம் செய்த பின் முனை "டக்" என்று முழுதாக உட்கார்ந்தால், பின் மாற்றும் செலவு உங்களுக்கு மிச்சம். அப்போதும் தளர்வாகவே இருந்தால், வேறொருவரின் நல்ல கேபிளைச் செருகிப் பார்த்துவிட்டு, அதிலும் அசைந்தால் மட்டும் கடையில் கொடுங்கள்.