முதல் வேலை, மேசையில் நான்கு புத்தகம்: எதில் தொடங்குவது?

புது வேலை, மேசையில் பணத்தையும் வேலையையும் பற்றி நான்கு புத்தகம், அதில் முதலீடு பற்றிய 'இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது, எதில் தொடங்குவது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தப்பில்லை. பெஞ்சமின் கிரஹாம் அதை எழுதியது 1949-இல். இடையிடையே வரும் கடன் பத்திரக் கணக்குகள் யாரையும் தூங்க வைக்கும். இப்போதைக்கு எட்டாம், இருபதாம் அத்தியாயங்களை மட்டும் படியுங்கள். பெரும் முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே முன்னுரையில் அந்த இரண்டையும்தான் குறிப்பாகச் சொல்கிறார். பங்குச் சந்தையை, தினமும் கதவைத் தட்டி ஒரு விலை சொல்லும் மனநிலை சரியில்லாத வியாபாரக் கூட்டாளியாகக் காட்டும் இடம் எட்டில் வருகிறது. அது புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு.

ஆனால் தொடக்கத்துக்கு மார்கன் ஹவுசலின் 'சைக்காலஜி ஆஃப் மணி'தான் சரி. பெட்ரோல் நிலையத்திலும் துப்புரவு வேலையிலும் காலம் தள்ளிய ரொனால்ட் ரீட், இறக்கும்போது 80 லட்சம் டாலருக்கு மேல் வைத்திருந்த கதை முதலிலேயே வருகிறது. பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை, மிச்சம் பிடித்ததை நல்ல பங்குகளில் போட்டுவிட்டுப் பல பத்தாண்டுகள் கை வைக்காமல் இருந்தார், அவ்வளவுதான்.

'ரிச் டாட் புவர் டாட்' பணம் சேர்க்கும் ஆசையைச் சூடேற்றும், வழி காட்டாது. கடன் வாங்கிச் சொத்து சேர்க்கச் சொல்லும் பகுதியைச் சம்பளம் நிலைப்படும்வரை தள்ளிவையுங்கள்.

அப்புறம், பிடித்த வேலையைத் தேடி அலைவதா என்று கேட்டீர்களே, அதற்குக் கால் நியூபோர்ட்டின் 'சோ குட் தே கான்ட் இக்னோர் யூ'. முதலில் அரிதான திறமையைச் சேர்த்துக்கொள், ஈடுபாடு பின்னால் வரும் என்கிறார். இப்போதைக்கு முன்பாதி போதும்.